பம்ப் மாமாவின் கீட்டோன் டப்பா

காலையில் சாப்பாட்டு மேசையில் மகள் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். எதிரே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

அவர் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். எங்கேயோ இடித்து மூஞ்சி சப்பையாகி வரும் வண்டிகளைத் தட்டி நிமிர்த்தி, தேய்த்து, மாப்பிள்ளை மாதிரி பளபளக்க வைத்து அனுப்புகிற பட்டறை அவருடையது. ஆயுளில் பாதியைப் பெயின்ட் கரைக்கிற தின்னர் வாசனைக்குள் கழித்ததில், அவர் மூக்கு மற்ற விஷயங்களிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது, தெருவில் சாக்கடை உடைந்தாலும் தெரியாது. தின்னர் என்றால் மட்டும் தூக்கத்திலும் எழுந்து உட்காரும்.

“இன்னொரு தடவை கொட்டாவி விடு.”

“கேட்டா வருமாப்பா?”

“அப்ப ஊது.”

ஊதினாள். அப்பா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“ஏய், இங்க வந்து பாரு,” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “உன் பொண்ணு தின்னர் குடிச்சிருக்கா.”

பதக்கம் வாங்குகிற நாட்களில் அவள் அவருடைய பெண்தான். மற்ற நாட்களில் உரிமை மாறிவிடும்.

பெண்ணுக்குப் பதினாறு வயது. வீட்டிலும் சரி, நீச்சல் குளத்திலும் சரி, அவளை வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். நடை பழகிய வயதில் இரண்டு பாதங்களையும் ஆளுக்கொரு திசையில் வைத்து ஆடி ஆடி வந்ததற்காகக் கிடைத்த பெயர். பிறகு தண்ணீரில் இறங்கி அந்தப் பெயருக்கு நியாயம் செய்துவிட்டாள். நகரக் குழுவுக்காக நானூறு மீட்டர் நீந்துகிறவள்.

அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கிற அதிகாரி அவள். முதலைத் தோல், மீன் எண்ணெய், உள்ளாடைக்குள் சுருட்டிய தங்கம், ஒருமுறை உயிரோடு ஓர் ஆமை என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்தவள். பெண்ணின் வாயை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராக அவள் அறைக்குப் போய் நீச்சல் பையைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தாள்.

“இது உன் பைதானே?”

“அம்மா, ப்ளீஸ்.”

“நீயே அடுக்கினதா?”

“ஆமா.”

“யாராவது ஏதாவது கொடுத்து உள்ள வைக்கச் சொன்னாங்களா?”

பெண் தட்டைப் பார்த்தாள். இந்த மூன்றாவது கேள்விக்குக் கண்ணைத் தாழ்த்துகிற பயணிகளை அம்மா ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். ஜிப்பைத் திறந்தாள். ஈரத் துண்டு, தலையுறை, கண்ணாடி, காய்ந்துபோன ஒற்றைச் சாக்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றிய ஒரு கறுப்பு டப்பா. அதன்மேல் சட்டை போடாத ஒருவன் மின்னல்களுக்கு நடுவே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மலச்சிக்கல் வந்தவனைப்போல இருந்தான். கீழே கொட்டை எழுத்தில் ‘கீட்டோன்’ என்று போட்டிருந்தது.

“இது சட்டப்படி விக்கிற பொருள்மா,” என்றாள் வாத்து. “கடையிலயே கிடைக்குது.”

“எந்தக் கடையில?”

அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த உடற்பயிற்சிக் கூடத்தின் பெயர் அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். அவளுடைய தம்பிக்குச் சொந்தமான கூடம் அது.

தம்பியைக் குடும்பத்தில் பம்ப் மாமா என்பார்கள். ஒரு சலவைக் கடைக்கு மேல் மாடியில் ஜிம் நடத்துகிறவர். கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் நெஞ்சில் காற்றை நிரப்பிக்கொள்ளும் பழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் யார் கண்ணுக்கும் தெரியாத தண்ணீர்க் குடங்களை இடுக்கிக்கொண்டு நடப்பவர்போல, கைகள் உடம்பில் படாமல் நடப்பார். கல்லாவுக்குப் பின்னால் அலமாரி நிறைய டப்பாக்கள். எடை ஏற ஒன்று, இறங்க ஒன்று, ஏறவும் இறங்கவும் விடாமல் நிறுத்த ஒன்று. அவர் ஏமாற்றுக்காரர் என்றால் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அவரோ தான் விற்கிற எல்லாவற்றையும் முழு மனசோடு நம்புகிறவர். தானும் குடிப்பார். ஜிம்மின் பூனைக்குக்கூட ஒருமுறை புரோட்டீன் கலந்து வைத்தார். பூனை அன்றே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டது.

அக்காவின் போனுக்கு அவர் ஓடிவந்தார். கூடத்து சோபாவில் விசாரணை தொடங்கியது. டப்பா நடுவில், டீப்பாய்மேல்.

“அக்கா, நீ தப்பா நினைக்கிற. இது மருந்தே இல்ல. நம்ம உடம்பே தயாரிக்கிற சரக்கு. சாப்பிடாம இருந்தா கல்லீரல் தானா கீட்டோன் செய்யும். அதை வெளியிலேர்ந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். மூளைக்கு நல்லது, தசைக்கு நல்லது...”

“உடம்பு இன்னும் என்னென்னவோ தயாரிக்குதுடா. அதையெல்லாம் டப்பால போட்டு விப்பியா?”

அப்பா சிரித்துவிட்டார். அம்மா திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

“சின்னப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாம்னு இதுல போட்டிருக்கா? படி.”

மாமா டப்பாவைத் திருப்பினார். முதலில் இருந்த வரிகளைக் கணீரென்று படித்தார். கோடு கோடாக இருந்த பார்கோடு வந்தபோது குரல் இறங்கியது. அதற்கும் கீழே எறும்பு அளவு எழுத்து இருந்தது. அதைப் படித்தபோது ஏதோ துக்கச் செய்தி சொல்பவர்போல் ஆகிவிட்டார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று போட்டிருந்தது.

“எல்லாத்துலயும் இப்படித்தான்க்கா போடுவாங்க. ஒரு ஃபார்மாலிட்டி.”

“மாமாவைத் திட்டாதம்மா,” என்றாள் வாத்து. “நான்தான் கேட்டேன்.”

அப்போதுதான் கதை வெளியே வந்தது. சில மாதங்களாக அவளால் முடியவில்லை. முதல் இருநூறு மீட்டர் எப்போதும்போல் போகும். அப்புறம் கை காலெல்லாம் ஈரச் சாக்குமூட்டை மாதிரி ஆகிவிடும். நேற்றுவரை அவள் காலைப் பார்த்துக்கொண்டு நீந்தியவர்களெல்லாம் இப்போது முன்னால் போனார்கள். கோச் ஒன்றும் திட்டவில்லை. நாலு பேர் மாறி மாறி நீந்துகிற தொடர் நீச்சல் அணியிலிருந்து எடுத்து மாற்று வீராங்கனையாக உட்கார வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. வீட்டில் சொன்னால் நீச்சலே வேண்டாம், படி என்பார்கள். அதனால் நேராக மாமாவின் ஜிம்முக்குப் போய், எடை தூக்கும் பெஞ்சில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்து அழுதிருக்கிறாள். மாமாவுக்கு யார் அழுதாலும் தாங்காது. கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்தார். அவர் கைக்கு எட்டுவதெல்லாம் டப்பாக்கள்தான்.

“எவ்வளவு எடுத்த?” என்றாள் அம்மா.

“காலையில ஒரு கரண்டின்னு சொன்னேன்க்கா,” என்றார் மாமா.

“மூணு,” என்றாள் வாத்து மெதுவாக. “காலையில மூணு. பயிற்சிக்கு முன்னாடி மூணு.”

மாமாவின் நெஞ்சிலிருந்து காற்று இறங்கியது. கண்ணால் பார்க்கவே முடிந்தது.

“அப்புறம், சாப்பாட்டைக் குறைச்சா உடம்பும் தானா கீட்டோன் செய்யும்னு போன்ல பார்த்தேன். ரெண்டும் சேர்ந்தா சீக்கிரம் பலன் தெரியும்னு...”

“டப்பா தினம் காலியாத்தானே வந்துச்சு?” என்றாள் அம்மா. இப்போது அவள் கேட்டது சாப்பாட்டு டப்பாவை.

“பக்கத்து லேன்ல நீந்துறவ சாப்பிட்டுடுவா.”

ஆமையை வெளியே எடுத்தபோதுகூட அம்மாவின் முகம் அப்படி இருந்ததில்லை என்று அப்பா பிற்பாடு சொன்னார். தினமும் விடியுமுன் எழுந்து செய்து, அடைத்து, மூடி போட்டு அனுப்பிய சாப்பாடு அது. ஊரார் பையெல்லாம் திறந்து பார்க்கிறவள், காலியாக வந்த டப்பாவை மட்டும் திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

“சரி,” என்று எழுந்தாள். அடுக்களையிலிருந்து ஒரு பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். “மூணு கரண்டி போட்டுக் குடி.”

“யாரு, நானா? நான் தினம் குடிக்கிறதுதான்க்கா.”

“நீ ஒரு கரண்டி குடிக்கிற. அவ குடிச்சதை நீ குடி. நல்ல சரக்குதானே?”

மாமா அத்தானைப் பார்த்தார். அப்பா சன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகக் கவனித்தார். மானம் என்று ஒன்று இருக்கிறதே. மாமா மூன்று கரண்டி போட்டுக் கலக்கி, மூக்கைப் பிடிக்காமல், ஒரே மூச்சில் குடித்தார். குடித்த பிறகு ஏப்பம் வந்தது. அப்பாவின் மூக்கு நிமிர்ந்தது.

“அதே வாசனைதான்,” என்றார்.

எல்லோரும் டாக்டரிடம் கிளம்பினார்கள். அப்பாவின் சொந்த வண்டி எப்போதும்போல் எதற்கோ பிரித்துப்போடப்பட்டுக் கிடந்ததால், பட்டறையில் பாதி வேலை முடிந்து நின்ற ஒரு காரை எடுத்துவந்தார். மூன்று கதவுகள் சிவப்பு, ஒன்று ப்ரைமர் அடித்த சாம்பல் நிறம். பெரிய மருத்துவமனை ஊருக்கு மறுகோடியில். பாதி வழியில் மாமாவின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இஞ்சினில் ஏதோ என்று நினைத்து அப்பா வேகத்தைக் குறைத்தார்.

“குறைக்காதீங்க அத்தான்,” என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு. டப்பாமேல் இருந்த ஆளின் முகபாவம் அச்சாக அவருக்கு வந்திருந்தது. “வேகமாப் போங்க.”

வாத்து வெகு நாட்களுக்குப் பிறகு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் சன்னலை இறக்கிவிட்டாள்.

குழந்தைகள் பிரிவில் எல்லாமே குள்ளமாக இருந்தது. நாற்காலிகள் முழங்கால் உயரம். சுவரில் ஒட்டகச்சிவிங்கி. மாமா உள்ளே நுழைந்ததும் கழிவறை எங்கே என்று கேட்டுக்கொண்டு ஓடினார். அங்கே கதவு அவருடைய தோளை அனுமதிக்கவில்லை. பக்கவாட்டில் நுழைந்தார். உள்ளே இருந்தது மூன்று வயதுக் குழந்தைகளுக்கான பீங்கான். வெளியே ஒரு சின்னப் பெண் தன் முறைக்காகக் காத்திருந்து, கொஞ்ச நேரத்தில் “அம்மா, உள்ள மாமா அழறாரு” என்று அறிவித்தாள்.

டாக்டர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட, சத்தமாகப் பேசுகிற பெண்மணி. வாத்தை முதலில் தனியாக உள்ளே கூப்பிட்டுப் பரிசோதித்தார், எடை பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். கேள்விகளுக்கெல்லாம் வாத்து நேராகப் பதில் சொன்னாள், ஒன்றைத் தவிர.

“ரொம்பக் களைப்பா இருக்கா? படியேறினா மூச்சு வாங்குதா?”

“இல்லவே இல்ல டாக்டர்.”

களைப்பு என்று சொன்னால் குளத்துப் பக்கமே போக விடமாட்டார்கள் என்று பயம். பிறகு அம்மாவை உள்ளே கூப்பிட்டபோது மாமாவும் வியர்த்து வெளிறி வந்து, மீதியிருந்த குட்டி நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

“நீங்கதான் கொடுத்ததா?” என்றார் டாக்டர்.

“நல்லதுன்னு நினைச்சு...”

“வயித்தைப் புரட்டுச்சா?”

மாமா தலையாட்டினார்.

“அதுதான் இதுல நல்லாத் தெரிஞ்ச விஷயம். குமட்டல், வயித்துப்போக்கு. பெரியவங்ககிட்ட பார்த்திருக்காங்க. கொஞ்ச காலத்துக்கு, அளவா எடுத்தா, ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்குப் பெரிய ஆபத்து எதுவும் பெரும்பாலும் தெரியல. வேகம் கூடுதான்னு கேட்டா, சில ஆய்வுல ஒண்ணும் இல்ல, சிலதுல முன்னைவிட மெதுவாவே போயிருக்காங்க.”

“மெதுவாவா?” என்றாள் வாத்து.

“ஆமா. வயிறு கலங்கிக்கிட்டிருந்தா எவன் வேகமாப் போவான்? இவரைக் கேளு.”

“ஒரே ஒரு விஷயத்துல வேகமாப் போனேன் டாக்டர்,” என்றார் மாமா பரிதாபமாக.

“பிள்ளைங்களுக்கு?” என்று கேட்டாள் அம்மா.

“வலிப்பு வர்ற சில குழந்தைங்களுக்கு, கீட்டோன் உண்டாகிற மாதிரி சாப்பாட்டு முறை ஒண்ணு நாங்களே கொடுக்கிறோம். அது வைத்தியம். கூடவே இருந்து பார்த்துக்குவோம். நல்லா இருக்கிற, வளர்ற பிள்ளை ஒண்ணு மாசக்கணக்கா இதைக் குடிச்சா எலும்புக்கு என்ன ஆகும், வளர்ச்சிக்கு என்ன ஆகும், மாதவிடாய்க்கு என்ன ஆகும்? தெரியாது. கெடுதல்னு நான் சொல்லல. நல்லதுன்னும் சொல்லல. யாரும் ஒழுங்காப் பார்த்ததில்ல. டப்பால எழுதினதுதான் உள்ள இருக்காங்கிறதும் தெரியாது. அதனால இதை நிறுத்து. ஆனா எனக்குப் பெரிய கவலை டப்பா இல்ல.” வாத்தின் பக்கம் திரும்பினார். “நீ சாப்பிடாம நீந்தினது. அது எனக்கு நல்லாவே தெரியும் என்ன ஆகும்னு. மறுபடி செஞ்சா நானே வந்து குளத்துலேர்ந்து தூக்கிட்டு வருவேன்.”

வெளியே வரும்போது தாழ்வாரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கீட்டோன் பானம் ஆரோக்கியமான பதின்வயதினருக்குப் பாதுகாப்பானதா என்று கண்டறியும் ஆய்வுக்குத் தன்னார்வலர்கள் தேவை, மேல்மாடிக்கு வரவும். மாமா அதைக் கண்ணால் பார்க்கவும் மறுத்து நடந்தார். வாத்து நின்று முழுவதும் படித்தாள்.

அடுத்த சில வாரங்கள் வீட்டில் சாப்பாட்டு ராஜ்ஜியம். அம்மா விமான நிலையத்திலிருந்து போன் செய்து, “தட்டைப் படம் எடுத்து அனுப்பு” என்பாள். சாப்பிடுமுன் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று என்று இரண்டு படம். கீட்டோனின் பேச்சே எடுக்கக் கூடாது என்று சட்டம். ஆனால் பெண் எடுத்தாள்.

“அந்த ஆய்வுக்குப் போகட்டுமா?”

“உனக்குப் பைத்தியமா?”

“மாமா கொடுத்தா தப்பு, சரி. இது டாக்டருங்க அளந்து கொடுக்கிறது. கூடவே இருந்து பார்ப்பாங்க. யாரும் பார்த்ததில்லன்னு அவங்கதானே சொன்னாங்க? யாராவது குடிச்சாத்தானே பார்க்க முடியும்?”

உண்மையில் பெண்ணுக்கு மனசுக்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. நேர்வழியில் குடித்தால் நேர்வழியில் வேகம் வருமோ என்கிற சபலம். அதை அவள் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை, ஆனால் இருவருக்கும் தெரியும்.

மேல்மாடியில் ஆய்வுக்குப் பொறுப்பான நர்ஸ் ஒருவர் இருந்தார். மெலிந்து, குழந்தை போன்ற குரலோடு இருப்பார். ஒப்புதல் வாங்க உட்கார்ந்த அவரை அம்மா பயணியைச் சோதிப்பதுபோல் சோதித்தாள்.

“எவ்வளவு நாள் குடிக்கணும்?”

“சில வாரம். வாரா வாரம் ரத்தம் எடுத்துப் பார்ப்போம்.”

“கெட்டது எதுவும் நடக்காதுன்னு உறுதியாச் சொல்றீங்களா?”

“இல்லங்க. அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஆய்வு.”

“இவளுக்குக் கொடுக்கிற கோப்பையில கீட்டோன்தான் இருக்குமா?”

“இருக்கலாம். வெறும் சுவையூட்டின தண்ணியாவும் இருக்கலாம். எந்தக் கோப்பையில எதுன்னு எனக்கே தெரியாது.”

“உங்களுக்கே தெரியாதா?”

“தெரிஞ்சா எனக்குப் பிடிச்ச மாதிரி எழுதிடுவேனேங்க. அதுக்காகத்தான் மறைச்சு வைக்கிறது.”

“ஏங்க, இவ்வளவு பெரிய கட்டடம் கட்டி வச்சிருக்கீங்க. எதைக் கேட்டாலும் தெரியாது, தெரியாதுங்கிறீங்க?”

நர்ஸ் கொஞ்சமும் கோபப்படவில்லை. “பாதியில வேண்டாம்னு தோணினா எழுந்து போயிடலாம். ஏன்னு நாங்க கேக்க மாட்டோம். அது மட்டும் உறுதியாத் தெரியும்,” என்றார். அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எதையும் மறைக்காத முகம் அவளுக்குப் பார்த்தால் தெரியும்.

ஆய்வில் சேர்க்கும் முன் ரத்தப் பரிசோதனை. சில நாட்கள் கழித்துப் போன் வந்தது. வாத்தை ஆய்வில் சேர்க்க முடியாது. ஆரோக்கியமானவர்கள் மட்டும்தான் தகுதி.

வீட்டில் இது பேரிடியாக விழுந்தது. “என்ன அர்த்தம் அதுக்கு?” என்று எகிறினார் மாமா. அத்தனை நாளும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்துபோனவருக்கு மறுபடி நெஞ்சில் காற்று ஏறியது. “எங்க வாத்து ஆரோக்கியமா இல்லையா? ஊர்ல ஒரு பிள்ளை இவ மாதிரி நீந்துமா? நான் போய்க் கேக்கிறேன்.” யாரும் தடுப்பதற்குள் கிளம்பிவிட்டார்.

நர்ஸ் அவருடைய மார்பளவு உயரம்கூட இல்லை. மாமா கத்தியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “நீங்க மாமாதானே? பெத்தவங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள போனை வச்சுட்டாங்க,” என்று, வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவையும் ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“பொண்ணு ரத்தத்துல இரும்புச்சத்து அடிமட்டத்துல இருக்கு. இந்த வயசுல, மாசா மாசம் ரத்தம் போற, தினம் பயிற்சி பண்ற பொண்ணுங்களுக்கு வர்றதுதான். இதை வச்சுக்கிட்டு பாதி தூரம் போனதே ஆச்சரியம். கை காலெல்லாம் கனத்துப்போகும், மூச்சு முட்டும். யாருமே கவனிக்கலையா?”

மறுமுனையில் வாத்தின் குரல்தான் கேட்டது. “களைப்பு இல்லைன்னு நான்தான் டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்.”

மாமா மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அந்தப் பெரிய உடம்பைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தன் பெஞ்சில் படுத்து ‘முடியல மாமா’ என்று ஒரு பெண் அழுதாள். முடியவில்லை என்றால் நிஜமாகவே முடியவில்லை என்றுதானே அர்த்தம். ‘ஏன் முடியல’ என்று அவர் கேட்கவே இல்லை. அலமாரியைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கர்ச்சீப் இல்லாததால் ஜிம் துண்டாலேயே துடைத்துக்கொண்டார். அதில் இன்னொருவருடைய வியர்வையும் இருந்திருக்கலாம்.

அன்று மாலை கல்லாவில் ஒரு பள்ளி மாணவன் கறுப்பு டப்பாவைக் கேட்டான். மாமா கொடுக்க மறுத்தார். சின்னப் பிள்ளைகளுக்கு விற்பதில்லை என்றார். ஏன் என்று கேட்டதற்கு, வாழ்க்கையில் முதன்முறையாக, “எனக்குத் தெரியாதுப்பா” என்று சொன்னார். பையன் பயந்துபோய், இது ஏதோ அதிபயங்கரச் சரக்கு என்று முடிவுசெய்து தன் அண்ணனைக் கூட்டிவந்தான். அண்ணனுக்குப் பதினெட்டு தாண்டியிருந்தது. அவனிடமும் மாமா தெரியாது என்றே சொன்னார். அவன் அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டு இரண்டு வாங்கிப் போனான். மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். மறுநாள் அலமாரியின் அந்த வரிசையில் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கிவிட்டார்.

வாத்துக்கு டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். திட்டும் சேர்த்தே கொடுத்தார். பொய் சொன்னதற்குத் தனியாக, சொல்லாமல் இருந்ததற்குத் தனியாக. மாத்திரையில் வேகமும் இல்லை, மின்னலும் இல்லை. வாயில் துருப்பிடித்த கதவை நக்கியதுபோல ஒரு ருசி. கழிவறையில் எல்லாம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்றார் டாக்டர். போவதற்கே முக்க வேண்டியிருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு அப்படி, ஒருவருக்கு இப்படி என்று அப்பா பட்டறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பலன் மெதுவாகத்தான் தெரிந்தது. ஒருநாள் மாடிப்படியேறும்போது நடுவில் நிற்கவில்லை என்பது ஏறி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இன்னொரு நாள் குளத்தில், இருநூறுக்கு அப்புறமும் கை தன்னுடைய கையாகவே இருந்தது. கோச் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார். தொடர் நீச்சலில் அவளை மறுபடி சேர்த்தார். அந்தப் போட்டியில் அவர்கள் அணி நான்காவதாக வந்தது. முதலாவதாக வந்த அணியை எட்டிப்பிடிக்கிற கனவெல்லாம் யாருக்கும் இல்லை. ஆனால் வாத்து தன் பங்கை முடித்து மேலே ஏறியபோது, முன்னால் போயிருந்த ஒருத்தி அவளுக்குப் பின்னால் இருந்தாள். பார்வையாளர் வரிசையில் அப்பா, அம்மா, மாமா மூவரும் எழுந்து நின்று கத்திய கத்தலில், யாரோ வெற்றி பெற்றுவிட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்து கைதட்டினார்கள்.

அதற்குக் கொஞ்ச காலம் கழித்து நர்ஸ் மறுபடி கூப்பிட்டார். இப்போது ரத்தம் நன்றாக இருக்கிறது, இன்னும் விருப்பம் இருக்கிறதா என்று கேட்டார். அம்மா போனைப் பெண்ணிடம் நீட்டிவிட்டுத் தள்ளி நின்றாள்.

“என்னால இப்ப அது இல்லாமலே நீந்த முடியுது,” என்றாள் வாத்து.

“தெரியும்மா. வரணும்னு கட்டாயம் இல்ல.”

வாத்தின் குழுவிலேயே இன்னும் இரண்டு பேர் பைக்கு அடியில் டப்பா வைத்திருந்தார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டால் அவளாலும் தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

“வர்றேன்,” என்றாள்.

முதல் நாள் அம்மாவுக்கு ஷிஃப்ட் இருந்ததால் மாமா துணைக்குப் போனார். உள்ளே வரலாம், ஆனால் கீட்டோனைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமா சுவரோரம் உட்கார்ந்து உதட்டை இறுக்கிக்கொண்டார். பெண்ணிடம் மூடிபோட்ட காகிதக் கோப்பை ஒன்றைக் கொடுத்தார்கள். குடித்தாள். முகம் கோணியது. கீட்டோனோ, கேவலமாகச் சுவையூட்டிய தண்ணீரோ, யாருக்கும் தெரியாது. பிறகு விரலில் ஒரு கருவியை மாட்டி, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவ்வப்போது நர்ஸ் வந்து ஒரே மாதிரி கேள்விகள் கேட்டார். தலை சுற்றுகிறதா? இல்லை. வாந்தி வருவதுபோல் இருக்கிறதா? இல்லை.

“வயிறு எப்படி இருக்கு?”

“பசிக்குது,” என்றாள் வாத்து.

நர்ஸ் எழுதப் போய் நிறுத்தினார். பசிக்கு அவர் காகிதத்தில் இடம் இல்லை. இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே மாமா எழுந்து, சத்தம் போடாமல் கதவைத் திறந்து, கீழ்த்தளத்தில் சாப்பாடு கிடைக்குமிடத்தைத் தேடி ஓடினார்.